பேர் சொல்லும் போன்

எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. தெருவில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகையில் அந்த எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று சேர்த்துக்கொண்டார்கள். போன் வந்தால் அந்த வீட்டு மாமி வாசலில் நின்று எதிர் வீட்டு அக்காவுக்குக் குரல் கொடுப்பார்: "ஏம்மா, திருச்சியிலேர்ந்து உங்கண்ணன் லைன்ல இருக்கார், ஓடி வா!" அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுத் தெருவைக் கடப்பதற்குள் மனசு தயாராகிவிடும். அண்ணன் என்றால் ஓட்டம். சம்பந்தி வீடு என்றால் முந்தானையைச் சரிசெய்தபடி நடை. பெயர் சொல்லாமல் "உனக்குப் போன்" என்று மட்டும் குரல் வந்தால் அக்காவின் முகம் வெளுத்துப்போகும்.

கூப்பிடுவது யார் என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே காதில் போட்டுவிடுவது. விஷயம் இவ்வளவுதான். அதைச் செய்யும் எந்திரத்தை ஒரே ஒரு நிறுவனம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்ற கேள்வி அமெரிக்காவில் மேல்முறையீடுவரை போனது. 2016 செப்டம்பர் 22-ஆம் தேதி, வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு விடை சொன்னது. கிளாஸ்கோ எதிர் ஆப்பிள் என்பது வழக்கின் பெயர். அங்கே போய்ச் சேர்வதற்கு அந்தக் குரல் கிட்டத்தட்ட நூற்று நாற்பது வருஷம் நடந்திருக்கிறது.

தொலைபேசி பிறந்த புதிதில் குரலைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. இணைப்பகத்தில் ஆள் உட்கார்ந்திருந்தார். முதலில் பையன்களைத்தான் அந்த வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள் என்று புகார் வந்தது. 1878 செப்டம்பர் 1-ஆம் தேதி பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் டெலிபோன் ஆபரேட்டர் அவர்தான். பிறகு அது பெண்களின் வேலையாகவே ஆகிவிட்டது. வெளியூர் அழைப்பு வந்தால் எந்த ஊர், யார் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு இணைப்பது ஆபரேட்டரின் வழக்கம். நம் ஊர் ட்ரங்க் காலிலும் அதையே கேட்டு வளர்ந்தோம். குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்தால்தான் பேச்சு என்ற 'பி.பி. கால்' இருந்த காலம் அது. எங்கள் தெரு மாமி சம்பளம் வாங்காத ஆபரேட்டர்.

இந்தக் குரலை நிறுத்தியவர் சவ அடக்கத் தொழில் செய்த ஓர் அமெரிக்கர். ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று பெயர், கான்சஸ் சிட்டிக்காரர். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் அவர் ஆளில்லாத இணைப்பகத்தைச் செய்தார் என்று ஒரு கதை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. 1891-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1892-ல் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் முதல் தானியங்கி இணைப்பகம் திறந்தது. நடுவில் ஆள் இல்லை, ரகசியம் போகும் பயமும் இல்லை. ஆனால் பெயர் சொல்ல இருந்த ஒரே ஆளும் போய்விட்டார். பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் கடன்காரர் கூப்பிட்டாலும் ஒரே மணிதான். தானியங்கி இணைப்பு பரவப் பரவ, இருட்டில் கதவைத் திறப்பதுபோலத்தான் ரிசீவரை எடுக்க வேண்டியிருந்தது.

தொலைந்த பெயர் முதலில் எண்ணாகத் திரும்பி வந்தது. கிரேக்கத்தில் பிறந்த தியோடர் பராஸ்கெவாகோஸ், அழைப்பவரின் எண்ணை மின்குறியாக மறுமுனைக்கு அனுப்பும் வழியை 1960-களின் கடைசியில் உருவாக்கினார். 1973-ல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1976-ல் ஜப்பானின் கசுவோ ஹாஷிமோட்டோ, எண்ணைக் காட்டும் ஒரு மாதிரிக் கருவியைச் செய்தார். பெல் லேப்ஸில் வேலை பார்த்த கரோலின் டௌட்டிக்கு 1985-ல் கிடைத்த காப்புரிமை, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அமெரிக்காவில் போன் மணி இரண்டு விநாடி அடித்து நாலு விநாடி ஓயும். அந்த நாலு விநாடி மௌனத்தில் செய்தியை அனுப்பிவிடலாம் என்பதுதான் அவருடைய யோசனை.

அந்த நாலு விநாடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முதல் மணி ஓய்கிறது. வீட்டில் இருப்பவருக்கு அது வெறும் இடைவெளி. கம்பியில் அந்த நேரத்தில் இரண்டு சுருதிகள் மாறி மாறி ஓடுகின்றன. 1,200 ஹெர்ட்ஸ் என்றால் ஒன்று, 2,200 ஹெர்ட்ஸ் என்றால் பூஜ்யம். விநாடிக்கு 1,200 பிட் வேகத்தில் தேதியும் நேரமும் எண்ணும் வந்து விழுகின்றன. பெரும்பாலும் ஒரு விநாடிகூட ஆகாது. காதில் கேட்டால் ஒரு குருவி தொண்டையைச் செருமியதுபோல இருக்கும். இரண்டாவது மணி அடிக்கும்போது பெட்டியின் திரையில் எண் தெரியும். அவசரப்பட்டு முதல் மணியிலேயே ரிசீவரை எடுத்துவிட்டால் எண் வராது. அந்தக் காலத்தில் இந்த வசதி வாங்கியவர்கள் இரண்டாவது மணிவரை பொறுத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

1987-ல் நியூ ஜெர்சி பெல் நிறுவனம் இதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. எதிர்ப்பும் கிளம்பியது. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி அடைக்கலம் புகுந்த பெண் வீட்டுக்கு ஒரு போன் போட்டால் இருக்கும் இடம் தெரிந்துவிடுமே என்றார்கள். அது நியாயமான பயம்தான். 1990-ல் பென்சில்வேனியாவில் ஒரு நீதிமன்றம், ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்துக்கு இது விரோதம் என்றே சொன்னது. எண்ணை மறைக்கும் வசதியும் சேர்ந்து வந்த பிறகே நாடு முழுக்க இது நிலைபெற்றது. எண்ணோடு பெயரையும் அனுப்பும் ஏற்பாடு பின்னால் வந்தது. பெயருக்கு ஒதுக்கிய இடம் 15 எழுத்து.

எண் வந்தாயிற்று, பெயரும் வந்தாயிற்று. ஆனால் இரண்டும் கண்ணுக்கு வந்தன. போனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் சாம்பல் நிறத் திரை, கறுப்பு எழுத்து. எழுந்து போய்க் குனிந்து பார்க்க வேண்டும். கையில் மாவோடு நிற்பவருக்கும் படுக்கையில் கிடப்பவருக்கும் அது சிரமம். கண் தெரியாதவருக்கோ அந்தப் பெட்டியால் எந்தப் பயனும் இல்லை. ஆபரேட்டர் இருந்தவரை பார்வையற்றவருக்கும் பார்வையுள்ளவருக்கும் ஒரே சேவைதான் கிடைத்தது. போன் என்ற பொருளே காதுக்காகப் பிறந்தது. அதன் புதிய வசதி ஒன்று காதை விட்டுவிட்டுக் கண்ணிடம் போனது. பேசும் கருவிக்கான தேவை இங்கேதான் பிறக்கிறது.

பேச வைப்பது அதற்குள் கஷ்டமான காரியமாக இல்லை. 1978-லேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்ற பொம்மையை விற்றது. குழந்தைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லித்தர ஒரு சில்லுக்குள் குரலை அடைத்த பொம்மை அது. 1984-ல் எழுத்தைப் படித்துக் காட்டும் டெக்டாக் வந்தது. எண்ணை வாங்கி, நினைவகத்தில் அதற்கு நேரே இருக்கும் பெயரை எடுத்து, ஒலிபெருக்கியில் சொல்லிவிட வேண்டும். இதற்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டிருந்தன. கிளாஸ்கோ நிறுவனம் 'வாய்ஸ் அனௌன்ஸ்' என்ற கருவியைச் செய்து விற்றது. அது பெயரை வாய்விட்டுச் சொன்னது, பாராட்டும் வாங்கியது. அழைப்பவரை அறிவிக்கும் கருவிக்கான 6,970,695 என்ற எண்ணுள்ள காப்புரிமை 2005-ல் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது.

அந்தக் காப்புரிமையை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திடம் கேட்டது. இது ஏற்கெனவே இருந்த இரண்டு பழைய யோசனைகளைச் சேர்த்தாலே வந்துவிடும், துறை தெரிந்த எவருக்கும் தோன்றியிருக்கும் என்பது வாதம்.

இந்த 'தோன்றியிருக்கும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட சட்ட வரலாறு இருக்கிறது. 1851-ல் கதவுக் குமிழ் ஒன்றைப் பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மரத்திலும் உலோகத்திலும் செய்துவந்த குமிழைக் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்ததற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். இது நல்ல தொழிலாளியின் வேலை, கண்டுபிடிப்பாளரின் வேலையாகாது என்று நீதிமன்றம் ரத்துசெய்தது. 1952-ல் அந்த அளவுகோல் சட்டத்தில் ஏறியது. 2007-ல் கார் பெடல் ஒன்றைப் பற்றிய கே.எஸ்.ஆர். வழக்கில், துறை தெரிந்த சாதாரண ஆளுக்கும் சொந்த மூளை உண்டு, அவரை எந்திரமாக நினைத்து அளக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் 1970-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்திலும் இதே அளவுகோல் உண்டு. துறையில் தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதாக இருந்தால் இங்கேயும் காப்புரிமை கிடையாது.

கிளாஸ்கோவுக்கு எதிராக வைக்கப்பட்ட இரண்டு பழைய ஆவணங்களை அவற்றின் கண்டுபிடிப்பாளர்கள் பெயரால் ஃபூஜியோகா, குலிக் என்று வழக்கில் குறிப்பிட்டார்கள். யார் அழைக்கிறார் என்பதைக் குரலில் அறிவிக்கும் போன் ஃபூஜியோகாவில் ஏற்கெனவே இருந்தது. இல்லாத சங்கதி சின்னது. பெயரைச் சொல்வதும் பிறகு நடக்கும் பேச்சைக் கேட்க வைப்பதும் ஒரே ஒலிபெருக்கியாக இருக்க வேண்டும் என்பது கிளாஸ்கோவின் காப்புரிமை. அப்படி ஒரே ஒலிபெருக்கியைப் பல வேலைக்கு வைத்துக்கொள்ளும் வழி குலிக்கில் இருந்தது. இரண்டையும் ஒட்டினால் கிளாஸ்கோவின் கருவி என்றது காப்புரிமை அலுவலகம். அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியமும் அதையே சொன்னது.

கிளாஸ்கோ எளிதில் விட்டுவிடவில்லை. பழைய உறுப்புகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே அச்சு மாறாமல் செய்ய வேண்டும், அப்போதுதான் 'தோன்றியிருக்கும்' என்று சொல்ல முடியும், இங்கே குலிக்கின் ஒலிபெருக்கி புது வேலை செய்கிறது என்று வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கே.எஸ்.ஆர். தீர்ப்பு அவ்வளவு இறுக்கமான விதி போடவில்லை, சேர்க்கும்போது கொஞ்சம் இழைத்தும் செதுக்கியும் பொருத்தத் தெரிந்தவர்தான் துறை தெரிந்த ஆள் என்றது. கொல்லரிடம் பழைய அச்சையும் வேறு வண்டியின் சக்கரத்தையும் கொடுத்தால் அவர் தட்டிச் சேர்த்துக்கொள்வார். அதைப் பார்த்துப் புது வண்டி கண்டுபிடித்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. என் வரையில் அதுதான் முக்கியம். எங்கள் கருவியை அந்தக் காலத்திலேயே ஆட்கள் பாராட்டினார்கள் என்று கிளாஸ்கோ சான்றுகளை வைத்திருந்தது. வாரியம் அவற்றுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கண்டித்தது. காப்புரிமை கேட்ட அம்சத்தையே புகழ்ந்த பாராட்டுகளை அப்படி ஒதுக்கியது தவறு, அவற்றைத் தராசில் வைத்தே ஆக வேண்டும் என்றது. வைத்துப் பார்த்தது. பழைய ஆவணங்களின் எடைதான் அதிகமாக இருந்தது. வாரியத்தின் முடிவு நிலைத்தது, கிளாஸ்கோ தோற்றது.

இந்தக் கண்டிப்பு ஏன் முக்கியம்? விடை தெரிந்த பிறகு விடுகதை எல்லாமே சுலபம்தான். நாலு விநாடி மௌனத்தில் செய்தி அனுப்பலாம் என்பது இன்று படிக்கும்போது 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றும். ஆனால் எத்தனையோ எஞ்சினியர்கள் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிற்காலத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் காலத்தைப் பார்ப்பது நீதிபதிக்கும் கடினம். அந்தக் காலத்து மனிதர்கள் வியந்து சொன்ன வார்த்தை ஒன்றுதான் கலப்பில்லாத சாட்சி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முடிவெடுத்தால், சின்னக் கண்டுபிடிப்பாளர்கள் எல்லோரும் 'இது எங்களுக்கே தெரியுமே' என்ற ஒரு வாக்கியத்தில் அடிபட்டுப் போவார்கள்.

ஆனாலும் முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். எதிரில் நின்றது ஆப்பிள் என்பதால் கிளாஸ்கோ மீது இரக்கம் வருவது இயல்பு. ஆனால் பெயரைக் குரலில் சொல்வது என்ற உயிர் ஃபூஜியோகாவிலேயே இருந்தது. மிஞ்சியது ஒலிபெருக்கி ஒன்றா இரண்டா என்ற கணக்கு. போன் தயாரிக்கிற எவரும் முதலில் மிச்சப்படுத்தப் பார்க்கும் உறுப்பு அது. அந்தக் கணக்குக்காக, பெயர் சொல்லும் போன்கள் எல்லாவற்றின் மீதும் ஒரு நிறுவனத்துக்கு உரிமை கொடுத்தால் அந்த விலையைக் கொடுக்கப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் திரையைப் படிக்க முடியாதவர்கள். ஆபரேட்டர் காலத்தில் எல்லோருக்கும் கிடைத்த ஒரு சேவை, எந்திரமாகத் திரும்பி வரும்போது வேலி போட்டுக்கொண்டு வரக் கூடாது.

தீர்ப்புக்கு ஒன்பது நாள் முன்பு, 2016 செப்டம்பர் 13-ஆம் தேதி, ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 10 மென்பொருளை வெளியிட்டது. அழைப்பவரின் பெயரைக் குரலில் சொல்லும் வசதி அதில் இருந்தது. பிறகு கூகுளின் போன் செயலியிலும் வந்தது. வருஷக் கணக்கில் வாதாடிய விஷயம் இன்று அமைப்புகளுக்குள் ஒரு வரியாகக் கிடக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

எங்கள் குடியிருப்பில் பார்வையில்லாத பாட்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். வகுப்பின் நடுவே அவருடைய பையிலிருந்து போன் பெயர் சொல்லும். எல்லாப் பெயரையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் யாரோ சேமித்துக் கொடுத்திருந்தார்கள். 'தமிழ்ச்செல்வி' என்ற மாணவியின் பெயர் 'டமில்ஷ் செல்வீ' என்று வந்து விழும். ழகரத்துக்காகப் பிள்ளைகளிடம் ஒரு வருஷம் பாடுபடும் டீச்சருக்கு அது ஒவ்வொரு முறையும் முள்போலக் குத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் தமிழில் அடித்துக் கொடுத்தேன், தமிழ்க் குரலையும் அமைத்தேன். சோதிக்க அந்தப் பெண்ணையே கூப்பிடச் சொன்னோம். போன் 'தமிழ்ச்செல்வி' என்றது. டீச்சர் எடுக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லட்டும் சார்" என்று மணி ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

நம் நாட்டில் அடுத்த கட்டம் வந்துகொண்டிருக்கிறது. சிம் வாங்கும்போது படிவத்தில் கொடுத்த பெயரை, அழைப்பு வரும்போதே மறுமுனையில் காட்ட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரை செய்தது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இது மிகவும் வேண்டியதுதான். ஆனால் காட்டுவதோடு நின்றுவிட்டால், சாம்பல் திரைப் பெட்டி செய்த பிழையையே மறுபடி செய்வோம். வரும் பெயரை அவரவர் மொழியில் சொல்லவும் வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் போன் தயாரிப்பவர்களையும் நாம் இப்போதே கேட்க வேண்டும். மோசடிக்காரர்கள் முதலில் குறிவைப்பது வயதானவர்களைத்தான். அவர்களில் பலருக்குத் திரை தெரிவதில்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் கண் மங்கிய அப்பாவோ பாட்டியோ இருந்தால் அவர் போனை இன்று கையில் வாங்குங்கள். ஐபோனிலும் கூகுளின் போன் செயலியிலும் போன் அமைப்புகளுக்குள் அழைப்பை அறிவிக்கும் வசதி இருக்கிறது. அதை 'எப்போதும்' என்று வையுங்கள். பெயர்களைத் தமிழில் அடித்துக் கொடுங்கள். பிறகு அடுத்த அறைக்குப் போய் அவரை ஒரு தடவை கூப்பிடுங்கள்.